கயிறு பிடிக்க ஒரு மச்சான்

போன திங்கட்கிழமை தறியில் அறுந்துபோன பாவு இழை ஒன்றைப் பிணைக்கக் குனிந்தேன். இழை விரலை விட்டு வரமாட்டேன் என்றது. வலது கை நடுவிரல் நுனியில் தோல் கிழிந்து, மீன் செதில் மாதிரி சின்னதாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. பட்டு அதில் மாட்டிக்கொண்டு, உருவ உருவப் பிசிறு கிளம்பியது. பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஞாயித்துக்கெழமை பாறையைப் பிறாண்டிட்டு வந்தா திங்கக்கெழமை பட்டு எப்படி ஓடும்?” என்றாள்.

ஆரணியில் பட்டு நெய்கிறவனுக்குப் பாறை ஏறும் ஆசை வந்தால் முதலில் தகராறு செய்வது விரல்தான். நான் சொல்ல வருகிற யோசனையும் அந்த விரலில் இருந்தே தொடங்கியது.

எனக்கு வயது நாற்பத்தொன்று. அப்பா உட்கார்ந்த அதே குழித்தறியில்தான் நானும் உட்கார்கிறேன். நடுவில் ஏழு வருடம் பெங்களூரில் ஒரு ஜவுளிக் கிடங்கில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை போக்கிடம் இல்லாமல் கண்டீரவா மைதானத்துக்குப் போனபோது, அங்கே செயற்கைச் சுவரில் பிள்ளைகள் பல்லி மாதிரி ஏறிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்க்க நின்றவனை ஒரு பெரியவர் கயிற்றைக் கட்டி ஏற்றிவிட்டார். அன்று பிடித்தது, ஊருக்குத் திரும்பிய பிறகும் விடவில்லை. இப்போது விடியற்காலையில் என் அக்கா மகன், அவன் கூட்டாளிகள் நாலு பேர், நான், இரண்டு வண்டியில் கண்ணமங்கலம் சாலையில் போகிறோம். எந்தப் பாறை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரம் அங்கே பாட்டில் உடைந்து கிடக்கும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாறை ஏறும் பயிற்சியில் இரண்டு வகை முக்கியம். ஒன்று போல்டரிங். கயிறு கிடையாது. உயரம் நாலைந்து மீட்டருக்குள்தான். கீழே மெத்தை போட்டிருக்கும். ஏறுகிறவன் விழுந்தால் நேராக அதில்தான் விழுவான். மொத்தம் ஆறு, ஏழு அசைவுதான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் உயிரை வாங்கும். இன்னொன்று டாப் ரோப். பாறை உச்சியில் கட்டிய நங்கூரத்தின் வழியாகக் கயிறு போய்க் கீழே வரும். ஒரு முனை ஏறுகிறவன் இடுப்பில், மறு பக்கம் கீழே நிற்கிறவன் கையில். ஏற ஏறக் கீழே இருப்பவன் தளர்ச்சியை இழுத்துக்கொண்டே இருப்பான். இதற்குப் பிலே என்று பெயர். கை விட்டுப்போனால் ஓரடி, இரண்டடி இறங்கி ஊஞ்சலாடி நிற்போம். உயரம் பன்னிரண்டு, பதினைந்து மீட்டர் என்று போகும்.

எங்கள் கூட்டத்தில் சண்டை இதில்தான். பசங்களுக்கு போல்டரிங் மட்டும் போதும். “இன்னா மாமா, கயித்தக் கட்டிகினு ஏறுனா அது ஏறுனதா?” என்கிறான் மருமகன். அவன் செல்போனில் சித்ரதுர்கா கோட்டைச் சுவரில் கயிறில்லாமல் ஏறும் ஜோதி ராஜின் வீடியோ எத்தனை இருக்கும் என்று எண்ண முடியாது. கர்நாடகத்தில் குரங்கு ராஜு என்று கொண்டாடப்படும் அந்த மனிதர் பிறந்தது நம் தேனி மாவட்டத்தில் என்பதில் அவனுக்குத் தனிப் பெருமை. போல்டரிங் படம் பிடிக்கவும் தோதானது. முப்பது விநாடியில் முடிந்துவிடும், ஏறுகிறவன் முகமும் தெரியும். டாப் ரோப்பில் பத்து நிமிடம் முதுகுதான் தெரியும். அதை யார் பார்ப்பார்கள்?

என் கட்சி இது: வாரத்தில் மூன்று காலை கிடைத்தால் இரண்டை போல்டரிங்குக்குக் கொடு, ஒன்றைக் கயிற்றுக்குக் கொடு. அந்த ஒன்றை எதற்காகவும் விட்டுத்தராதே.

போல்டரிங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. விரலுக்குப் பலம் வேண்டுமானால் அதுதான் வழி. தசைக்குள் உடனடிச் செலவுக்கென்று கொஞ்சம் சக்தி இருப்பில் இருக்கும். முழு மூச்சாக இழுத்தால் பத்து விநாடி அளவில் அது தீர்ந்துவிடும். திரும்ப நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். போல்டரிங் இந்த இருப்பை வைத்து ஆடுகிற ஆட்டம். அதனால் ஒரு முறை முயன்றபின் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக் கதை பேசுவதும் பயிற்சியில் சேர்த்திதான். பசங்கள் இதைக் கேட்க மாட்டார்கள். விழுந்த சூட்டோடு எழுந்து மறுபடி தாவுவார்கள். மூன்றாவது முயற்சியில் ஏற முடியாதவன் ஒன்பதாவது முயற்சியில் ஏறப்போவதில்லை. தோல்தான் போகும். நம் பக்கத்துக் கருங்கல்லின் மணி அரம் மாதிரி அறுக்கும். அவர்களுக்குத் தோல் போனால் போகிறது. எனக்கு முகூர்த்தச் சேலையில் பிசிறு வரும். மாவு விஷயமும் அப்படித்தான். வியர்வைக்காகக் கையில் பூசுகிற மெக்னீசியம் கார்பனேட் பொடியை எங்கள் கூட்டத்தில் மாவு என்போம். நகக்கண்ணில் அது மிஞ்சியிருந்து அரக்குச் சிவப்புப் பட்டில் பட்டால் வெள்ளைத் தீற்றல் விழும். ஏறிவிட்டு வந்ததும் சீயக்காய் போட்டு இரண்டு முறை கை கழுவி, நகம் தேய்க்கும் அரத்தால் விரல் நுனியை மழமழவென்று ஆக்கின பிறகே தறியில் உட்காருகிறேன். அப்படியும் போன திங்கட்கிழமை தப்பிவிட்டது.

விரல்களின் இன்னொரு கதை இது. தசை சீக்கிரம் வளரும். தசையை எலும்போடு கட்டும் நாண், அந்த நாண் விலகாமல் விரலோடு பிடித்து வைக்கும் சின்ன வளையங்கள், இவையெல்லாம் மெதுவாகத்தான் தேறும். ஆறே மாதத்தில் பையனுக்குக் கையில் பலம் வந்துவிடும், ஆனால் வளையங்கள் பழைய நிலையில்தான் இருக்கும். அப்போது ஒரு சின்ன விளிம்பில் மோதிர விரலை வைத்து முழு எடையையும் தொங்கவிட்டால் டப்பென்று ஒரு சத்தம் கேட்கும். கேட்டவர்களுக்குத் தெரியும். எங்கள் கூட்டத்தில் ஒருவனுக்குக் கேட்டது. மூன்று மாதம் அவனால் தண்ணீர்க் குடத்தைக்கூட அந்தக் கையால் தூக்க முடியவில்லை.

கயிற்றுக் காலை வேறு மாதிரி. பதினாலு மீட்டர் பாறையில் நாற்பது அசைவு இருந்தால், ஒன்றுகூடக் கடினமாக இருக்காது. ஆனால் இருபதாவது அசைவில் முன்கை கல்லாகிவிடும். இறுகப் பிடிக்கும்போது தசை தன் ரத்தக் குழாயைத் தானே நசுக்கிக்கொள்கிறது. ரத்தம் போகவும் முடியாமல் வரவும் முடியாமல் கை வீங்கும், விரல் தானாகத் திறக்கும். இதற்கு வைத்தியம், தேவைக்கு மேல் இறுக்காமல் பிடிப்பதும், நல்ல பிடி கிடைத்த இடத்தில் ஒரு கையைத் தொங்கவிட்டு உதறி இளைப்பாறுவதும், எடையைக் காலில் நிறுத்துவதும்தான். மூன்றையும் போல்டரிங் சொல்லித்தராது. அதற்கு அங்கே நேரமே இல்லை.

தறி இதை எனக்கு முன்பே சொல்லித் தந்திருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. புதிதாக நெய்ய வருகிறவன் நாடாவைக் கோடாலி மாதிரி பிடிப்பான். மதியத்துக்குள் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். அப்பா எழுபது வயது வரை நெய்தார். அவர் கையைப் பார்த்தால் நாடாவைத் தொட்டாரா, விட்டாரா என்றே தெரியாது. நான் முதல்முறை கயிறு கட்டிப் பாதியில் கை வீங்கித் தொங்கிய கதையை அவரிடம் சொன்னபோது, “கல்லு எங்கடா ஓடிப்போவுது, ஏன் அப்படிப் புடிக்கிற?” என்று கேட்டார். பெங்களூரில் எந்தப் பயிற்சியாளரும் இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை.

தோலுக்கும் கயிறுதான் நல்லது. நீண்ட பாறையில் பிடிகள் பெரிது, எடை காலில் இருக்கும், விரல் நுனி அவ்வளவாகத் தேயாது. திங்கட்கிழமை நெய்ய வேண்டியவன் சனிக்கிழமை போல்டரிங்கை முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கயிற்றில் ஏறுவதே உசிதம். போன வாரம் நான் அதை மாற்றிச் செய்தேன், அனுபவித்தேன். இரண்டும் ஒரே காலையில் என்றால் போல்டரிங் முதலில், கயிறு பிறகு. களைத்த விரலோடு போல்டரிங் செய்வது வளையத்துக்கு ஆகாது. களைத்த கையோடு கயிற்றில் ஏறுவது பயிற்சி.

இந்த வாதத்துக்குப் பசங்களிடம் ஒரு பதில் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் போல்டரிங்கையும் லீடையும் சேர்த்து ஒரே பதக்கம் கொடுத்தார்கள். லீட் என்பது கயிற்றை நாமே வழியில் மாட்டிக்கொண்டு ஏறுவது, டாப் ரோப்பின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் ஐ மோரி லீடில் 96.1 புள்ளி எடுத்தார். இறுதிச் சுற்றில் இருந்த எட்டுப் பெண்களில் அதுதான் அதிகம். ஆனால் பதக்கம் இல்லை, நான்காம் இடம். காரணம் போல்டரிங். 154 செ.மீ. உயரமுள்ள அவரால் முதல் பாறையின் தொடக்கப் பிடியைத் தாவியும் எட்ட முடியவில்லை. அதில் பூஜ்யம். வழி அமைத்தவர்கள் மீது உலகமே கோபப்பட்டது. “பார்த்தியா மாமா, கயிறு மட்டும் தெரிஞ்சா நாலாவதுதான்” என்றான் மருமகன்.

சரி. அதே பாரிஸில் ஆண்கள் பக்கம் என்ன நடந்தது? போல்டரிங் முடிந்தபோது முன்னால் நின்றவர் ஜப்பானின் சொராட்டோ அன்ராகு. பிரிட்டனின் டோபி ராபர்ட்ஸ், வயது 19, லீடில் 92.1 எடுத்து மொத்தம் 155.2 புள்ளியோடு தங்கத்தைக் கொண்டுபோனார். பெண்களில் தங்கம் வென்ற ஸ்லோவேனியாவின் யான்யா கார்ன்பிரெட்டுக்கு போல்டரிங்கில் 84.4, லீடில் 84.1. தராசில் வைத்து நிறுத்தது போல. டோக்கியோவில் தங்கம் வென்றதும் அவர்தான். 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் போல்டரிங், லீட், வேகமாக ஏறும் ஸ்பீட் மூன்றுக்கும் தனித்தனிப் பதக்கம் என்று அறிவித்துவிட்டார்கள். இனி எல்லாரும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வார்கள் என்கிறான் மருமகன். பிடித்துக்கொள்ளட்டும். ஒலிம்பிக்குக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு, காலை எட்டு மணிக்குத் தறியில் உட்கார வேண்டியவனின் கணக்கு வேறு.

என் கணுக்கால் கதையைச் சொன்னால் அந்தக் கணக்கு புரியும். நாலு வருடம் முன்பு, மார்கழிக் காலை. குளிரில் பாறை நன்றாகப் பிடிக்கும் என்பதால் நாங்கள் வருடம் முழுக்கக் காத்திருக்கும் மாதம் அது. மூன்று மீட்டர் உயரம்தான். கடைசிப் பிடியைத் தொட்டுவிட்டுச் சறுக்கினேன். மெத்தையின் நடுவில் விழுந்திருந்தால் ஒன்றுமில்லை. இரண்டு மெத்தை சேரும் இடுக்கில் இடது கால் போய்விட்டது. எலும்பு உடையவில்லை, தசைநார் கிழிந்தது. ஆறு வாரம் மிதி மிதிக்க முடியவில்லை. ஜக்கார்டு மிதியின் கனம் நெய்கிறவர்களுக்குத் தெரியும். ஒற்றைக் காலால் ஆகாது. தையில் கொடுக்க வேண்டிய இரண்டு சேலை தறியிலேயே நின்றது. பாவு கொடுத்தவருக்கு நான் சொன்ன காரணத்தை அவர் இன்னும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறார். கயிற்றில் இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை கை விட்டிருக்கிறேன், ஒரு நாள் வேலை கெட்டதில்லை. போல்டரிங்கில் ஒவ்வொரு விழுதலும் தரையில்தான் முடிகிறது. மூன்று மீட்டர்தானே என்று நாம் நினைப்போம், கணுக்கால் அப்படி நினைக்காது.

அந்த மெத்தைகளை நாங்களே தைத்தோம். மேலே கெட்டி ஃபோம், கீழே மெத்தென்ற ஃபோம், நடுவில் ஒட்டு. கெட்டியானது அடியைப் பரப்பும், மெத்தென்றது வாங்கிக்கொள்ளும். மாற்றிப் போட்டால் கால் புதையும். விபத்துக்குப் பிறகு இடுக்கின் மேல் ஒரு மெல்லிய மூன்றாவது மெத்தையும் போடுகிறோம். இதெல்லாம் வீட்டில் செய்யலாம். கயிற்றை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள்.

நெசவாளி என்பதால் புதுக் கயிறு வந்த அன்று முதலில் அதைப் பிரித்துப் பார்க்கத்தான் கை துறுதுறுத்தது. உள்ளே நைலான் திரிகள் ஓடுகின்றன, மேலே இறுக்கிப் பின்னிய உறை. எடையைச் சுமப்பது பெரும்பாலும் உள்திரி, உராய்விலிருந்து அதைக் காப்பது உறை. ஆள் விழும்போது கயிறு கொஞ்சம் நீண்டு கொடுக்கும், அதனால்தான் இடுப்பு உடைவதில்லை. மாட்டுக் கயிறும், கிணற்றுக் கயிறும், லாரியில் தார்ப்பாய் கட்டும் கயிறும் இந்த வேலைக்கு ஆகாது. உச்சியில் நங்கூரம் ஒன்று போதாது, ஒன்றையொன்று நம்பாத இரண்டு வேண்டும். எங்கள் பாறையில் லாரி அளவு குண்டுப் பாறை ஒன்றும் ஆழ வேரோடிய மரம் ஒன்றும் இருக்கின்றன, இரண்டிலும் தனித்தனியாகக் கட்டுகிறோம். நான் இதை பெங்களூரில் முகாமில் உட்கார்ந்து கற்றேன். செல்போனில் பார்த்துக் கட்டியவர்களை நம்பி ஏற மாட்டேன், நீங்களும் ஏறாதீர்கள்.

பர்வதமலை போனவர்களுக்குக் கடப்பாறை நெட்டு தெரியும். பாறையில் அடித்த இரும்புக் கடப்பாறைகளை மிதித்து, சங்கிலியைப் பிடித்து, பௌர்ணமி இரவில் பாட்டிமார்கள்கூட மல்லிகார்ஜுனரைப் பார்க்க ஏறுகிறார்கள். நானும் பன்னிரண்டு வயதில் அப்பா பின்னால் ஏறினேன். கயிறு கட்டி ஏறப் பழகிய பிறகு ஒரு முறை போனபோதுதான் உறைத்தது. சங்கிலி, நாம் பிடித்திருக்கும் வரைதான் நம்மைப் பிடிக்கும். கயிறு நாம் விட்ட பிறகு பிடிக்கும். இந்த வித்தியாசம் மனசுக்குள் என்ன செய்கிறது என்றால், விட்டுப் பார்க்கிற தைரியத்தைக் கொடுக்கிறது. முடியாது என்று தோன்றும் அசைவைப் பத்து மீட்டர் உயரத்தில் முயன்று, தோற்று, தொங்கி, மறுபடி முயலலாம். பயத்தைப் பழக்கிக்கொள்ள வேறு நல்ல வழி எனக்குத் தெரியாது. போல்டரிங்கிலேயே வளர்ந்த எங்கள் பசங்களை முதல்முறை கயிற்றில் ஏற்றியபோது, மூன்று மீட்டர் வரை சிங்கம் மாதிரி போனார்கள். ஐந்தாவது மீட்டரில் காலில் தையல் மிஷின் ஓடியது. மருமகன்தான் முதல் ஆள். அவன் பெயர் கெடும் என்பதால் இதற்கு மேல் எழுதவில்லை.

கயிறு இன்னொரு ஆளையும் கேட்கிறது. நீலகிரியில் குறும்பர்கள் செங்குத்துப் பாறையில் கொடிக் கயிற்றில் இறங்கித் தேன் எடுக்கும்போது, மேலே கயிற்றுக்குக் காவல் நிற்பவன் மைத்துனன் என்று எழுதியிருக்கிறார்கள். மனைவியின் உடன்பிறந்தவன். தங்கை தாலி அறுக்க எந்த அண்ணன் விடுவான் என்பதுதான் அதன் கணக்கு. பிலே என்ற சொல்லை விளக்க எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. என் கயிற்றைப் பிடிப்பவர் என் சொந்த மச்சான். தற்செயல்தான். அவர் ஏறுவதே இல்லை, கீழே நின்று பிடிப்பதோடு சரி. ஆனால் பிடிக்கும்போது பேச மாட்டார், போன் எடுக்க மாட்டார், என் இடுப்பு முடிச்சைத் தொட்டுப் பார்க்காமல் ஏற விடமாட்டார். எட்டு வடிவ முடிச்சு. பின்னி முடித்தபின் ஐந்து ஜோடி இழை இணையாக ஓடியிருக்க வேண்டும். தறிக்காரர் என்பதால் இழை எண்ணுவதில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. போல்டரிங்கில் நீ விழுந்தால் உன்னோடு போச்சு. கயிற்றில் இன்னொருத்தன் உயிர் உன் கையில் இருக்கிறது. பதினெட்டு வயசுப் பையனுக்கு இது சும்மா வந்துவிடாது.

ஆள் கிடைக்காத நாளும் உண்டு. முகூர்த்த மாதங்களில் மச்சான் தறியை விட்டு எழுந்திருக்க மாட்டார். அப்போது நான் அடிப்பாறையிலேயே தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் பக்கவாட்டாக ஏறிப் போகிறேன். இடமிருந்து வலம், வலமிருந்து இடம், இருபது நிமிடம் இறங்காமல். கை வீங்கும் எல்லைக்குப் போகாமல் அதற்கு ஒரு படி கீழேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் மாதிரி தெரியும். ஆடு மேய்க்கும் அம்மா ஒருவர் என்ன தொலைத்தேன் என்று கேட்டே விட்டார். ஆனால் கயிற்றுக் காலைக்கு இதுதான் அடுத்த நல்ல மாற்று. உயரத்தையும் மச்சானையும் மட்டும் இதனால் தர முடியாது.

டாப் ரோப் என்றால் கற்றுக்குட்டிகளுக்கு என்ற எண்ணம் பெங்களூரிலும் உண்டு, இங்கேயும் உண்டு. ஆனால் மாற்றுத்திறனாளிகளின் உலகப் போட்டிகள் டாப் ரோப்பில்தான் நடக்கின்றன. இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்ட பெங்களூர் மணிகண்டன் குமார் 2012இல் பாரிஸ் உலகப் போட்டியில் தங்கம் வென்றவர். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் பாராலிம்பிக்கில் இந்த விளையாட்டு முதல்முறையாகச் சேர்கிறது. இதைச் சொன்ன அன்று மருமகன் பேசாமல் போய் முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

போல்டரிங் ஏழைக்கு ஏற்றது, கயிறு செலவு என்பார்கள். உண்மைதான். எங்கள் கயிற்றையும் இடுப்புப் பட்டைகளையும் தலைக்கவசங்களையும் வாங்க ஆறு பேர் சேர்ந்து ஒன்றரை வருடம் சீட்டுப் போட்டோம். அதனால்தான் இது தனி ஆள் செய்கிற காரியமாக இருக்கக் கூடாது என்கிறேன். மாவட்டத்தில் எங்காவது ஏறுசுவர் கட்டும் எண்ணம் அரசுக்கோ கல்லூரிகளுக்கோ வந்தால், செலவு குறைவு என்று நாலு மீட்டர் போல்டரிங் சுவரோடு நிறுத்திவிட வேண்டாம். பக்கத்திலேயே பன்னிரண்டு மீட்டராவது உயர்ந்த ஒரு சுவரும், மேலே நிரந்தர நங்கூரமும், பிலே சொல்லித்தரத் தேர்ச்சி பெற்ற இரண்டு பேரும் வேண்டும். அந்த இரண்டு பேருக்குச் சம்பளம் ஒதுக்காமல் சுவரை மட்டும் கட்டுவது, தறி வாங்கிக் கொடுத்துவிட்டுப் பாவு கொடுக்காத கதை. பெண் பிள்ளைகள் வருவதும் கயிற்றைப் பொறுத்தே இருக்கிறது. என் அக்கா, மகனைப் பாறைக்கு அனுப்பக் கவலைப்பட்டதில்லை. மகளை அனுப்ப யோசித்தாள். கயிற்றைக் காட்டினேன். இழுத்துப் பார்த்தாள். “கட்டிதானே ஏறுவா? போய்ட்டு வரட்டும்” என்றாள். அந்தப் பெண் இப்போது அவள் அண்ணனைவிட நிதானமாக ஏறுகிறாள்.

சுவர் வேண்டும் என்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. பாறை என்றதும் எல்லாப் பாறையும் நம் மைதானம் ஆகாது. செஞ்சிக் கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. போளூர் பக்கம் திருமலையில் பாறையை ஒட்டியே சமணக் கோயில்களும் நேமிநாதர் சிலையும் இருக்கின்றன. அங்கேயெல்லாம் மாவுக் கையை வைக்கவே கூடாது. ஜவ்வாது மலையில் வனத்துறையைக் கேட்காமல் நுழையக் கூடாது. மழைக்குப் பிறகு மலையடிவாரமும் நம்பத்தக்கது அல்ல. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச் சரிவு இடிந்து, மண்ணும் பாறையும் வீட்டின் மேல் விழுந்து ஏழு பேர் போனார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். அதன் பிறகு நாங்கள் பெரிய மழை பெய்தால் பாறை பக்கமே போவதில்லை. அந்த நாட்களில் ஏற வேண்டுமானால் பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டியிருக்கிறது.

வரும் ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்கு வேலை இருக்கிறது, கயிறு பிடிக்க ஆள் இல்லை. எங்களை அறிந்தவர்கள் யாராவது வந்து பிடிக்கப் பழகிக்கொள்ளலாம். ஏற வேண்டும் என்று கட்டாயமில்லை. காலை ஐந்தரைக்குக் கிளம்புவோம், ஏழரைக்குத் திரும்பிவிடுவோம். விரலில் மோதிரம் இருந்தால் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.